வேடியண்ணன் கல்யாணம்

ஏப்ரல் 25, வெள்ளி

அலுவலகத்தில் மலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பக்கத்து மேசை ரலூக்காவுக்கு ஒரே சந்தோஷம். "கடைசியில் நீயும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாய்! மரத்தாலேயே கட்டிய தேவாலயத்தைப் பார். வைக்கோல் போர்களைப் படம் எடு. ஈஸ்டர் முடிந்த வாரம், எந்த வீட்டுக்குப் போனாலும் தின்னச் சொல்லியே கொல்வார்கள்" என்றாள். தலையை ஆட்டினேன். பயிற்சிக்காக இந்த ருமேனியாவுக்கு வந்ததிலிருந்து என் பேச்சில் பாதி தலையாட்டல்தான்.

அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் அங்கே என்ன செய்கிறான், நீ வந்து இத்தனை நாளாக ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரயில் மெதுவாகப் போகிறது. மின்கம்பங்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. எதிரே ஒரு அம்மாள் மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு தூங்குகிறாள்.

என் அண்ணன் பெயர் வேடியப்பன். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் குலசாமியின் பெயர். அப்பா போன பிறகு பத்தாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போனான்; நான் கல்லூரிக்குப் போனேன். பிறகு ஏஜெண்டு மூலம் இந்த நாட்டில் கட்டட வேலைக்கு வந்தான். அந்தக் கம்பெனியில் சோறும் சரியில்லை, தூக்கமும் சரியில்லை என்று ஒருநாள் வெளியே நடந்துவிட்டான். பாஸ்போர்ட் அவர்களிடமே நின்றுவிட்டது. ரஷினெட் என்ற மலையூரில் மரம் அறுக்கும் பட்டறையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னான். ஜனவரி வரைக்கும் பேசினான். பிறகு போன் போகவில்லை.

பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் அந்தப் படம் வந்தது. வெள்ளை உடுப்பில் ஒரு பெண். தலையில் மணிகள் கோத்த கிரீடம். பக்கத்தில் உயரமான ஊசியிலை மரம் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து, ரிப்பனும் கைக்குட்டையும் காகிதப்பூவும் கட்டி நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். பிடில் வாசிக்கிறவர்கள், பாதிரியார், சுற்றிலும் பனி. அண்ணன் படத்தில் இல்லை. ஆனால் அவன் பெயரைச் சேர்த்துத்தான் பதிவு போட்டிருந்தார்கள். சித்தப்பா மகன் குட்டியப்பன் அதைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினான். 'வேடியின் திருமணம். ஆண்டவர் அவனுக்கு இளைப்பாறுதல் தரட்டும்.'

"மூஞ்சியக் காட்டக்கூடத் தைரியம் இல்ல பாரு" என்றாள் அம்மா.

"மரத்த எப்பிடி ஜோடிச்சிருக்காங்க பாரு பெரிம்மா. நம்மூர்ல வாசல்ல வாழமரம் கட்டறாப்பல" என்றான் குட்டியப்பன்.

"அந்தப் பொம்பளைங்க ஏன் அழுவுறாங்க?" என்று நான் கேட்டேன்.

"பொண்ண அனுப்பற வூட்ல அழுவாம சிரிப்பாங்களாடி?" என்று அம்மா என்மேல் பாய்ந்தாள். "எம் புள்ளய வளைச்சிப் போட்டுக்கினு அவளுங்க எதுக்கு அழுவணும்? நான்தான அழுவணும்!"

ஆனால் அவள் அழவில்லை. வாசல் மண்ணை வாரித் தூற்றினாள். தெருக்குழாயடிக்குப் போய் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "எம் மவன் செத்துட்டான். தல முழுகிட்டேன்." ஈரத்தோடு வந்து சுவரில் இருந்த அண்ணன் படத்தை முதுகு தெரியத் திருப்பி மாட்டினாள்.

அவனைக் கூட்டிக்கொண்டு போய் அம்மா முன்னால் நிறுத்த வேண்டும். அதற்குத்தான் போகிறேன். பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, வாயே திறக்காத நான் கையைத் தூக்கியதும் இதற்காகத்தான்.

ஏப்ரல் 26, சனி

ரஷினெட் ஒரே ஒரு நீளத் தெரு. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் மலை. பேருந்தை விட்டு இறங்கியதும் அறுத்த மரத்தின் வாசனை. வீடுகளின் வெளிக்கதவில் தேர்ச்சக்கரம் போலச் சுழிகள் செதுக்கியிருக்கிறார்கள். மேட்டில் ரலூக்கா சொன்ன மரத் தேவாலயம், ஊசி மாதிரி கோபுரம். அதற்கும் மேலே காடு. காட்டுக்கும் மேலே இன்னும் கரையாத பனி.

நான் தங்கியிருப்பது வியோரிகா என்ற அம்மாளின் வீடு. மாடி அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறார்கள். ஐம்பது வயதிருக்கும், கையெல்லாம் மாவு. ஆங்கிலம் தெரியாது. போனில் அவள் பேச, அது தமிழில் எழுதிக் காட்டுகிறது. வந்த முதல் வாசகம்: 'உங்கள் காலணிகள் நனைந்துள்ளன. அவைகளை அடுப்பருகே உட்கார வையுங்கள்.' ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு போனில் படத்தைக் காட்டினேன். 'இது என் அண்ணன் கல்யாணம். நான் அவன் தங்கை வெண்ணிலா' என்று தட்டினேன்.

படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாவுக்கை என் முதுகில் அப்படியே பதிந்துவிட்டது. அண்ணனுக்கு இந்த ஊரில் இவ்வளவு வேண்டியவர்களா?

'உங்களுக்குச் செய்தி வந்தது என்பதை நாங்கள் அறியவில்லை. ஊராகச் சேர்ந்து அவனுக்குத் திருமணம் செய்தோம். எதையும் குறைக்கவில்லை. இசைக்காரர்கள் இருந்தார்கள்.'

'நான் அவனைப் பார்க்க வேண்டும்.'

'திங்கட்கிழமை ஊரே போகிறது. அன்று மென்மையானவர்களின் ஈஸ்டர். சமைத்து எடுத்துக்கொண்டு போவோம். தூரத்திலிருந்து வந்தவள் வெறுங்கையுடன் போகக் கூடாது.'

'எங்கே இருக்கிறான்?'

ஜன்னல் வழியாக மேட்டைக் காட்டினாள். தேவாலயத்துக்குப் பின்னால் வீடுகள் இருக்கும் போலிருக்கிறது. பெண் வீட்டார் அங்கே இருக்கலாம். இப்போதே ஓடிப் பார்த்துவிடலாம்தான். பார்த்ததும் என்ன சொல்வது? திட்டுவதா, அம்மா தலை முழுகியதைச் சொல்வதா? திங்கள் வரை தள்ளிப்போனது நல்லது என்றே பட்டது.

மதியம் மஞ்சளாக ஒரு களி. மக்காச்சோள மாவில் கிண்டியது. நம் கேழ்வரகுக் களிக்கு அக்காள் முறை. அண்ணன் இதை உருட்டி உருட்டி விழுங்கியிருப்பான்.

வியோரிகாவின் கணவர் கோஸ்தெல், காட்டிலிருந்து மரம் இழுக்கும் டிராக்டர் ஓட்டுகிறவர். சாப்பிட வந்தார். அவள் காதில் ஏதோ சொன்னாள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்காராமலே வெளியே போய்விட்டார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. வெளிநாட்டுக்காரர்களைப் பிடிக்காது போல.

தங்கை வந்திருக்கிறாள் என்று இந்நேரம் யாராவது அண்ணனிடம் சொல்லியிருப்பார்கள். இறங்கி வரவில்லை. ரோஷம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலிருந்து சமையல். முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம், முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டல். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமைப் பருப்பும் கலந்து ஒரு தட்டில் பரப்பி, மேலே சர்க்கரையால் சிலுவை வரைந்தாள் வியோரிகா. இறுகிய பாயசம் மாதிரி இருந்தது. ஒரு கரண்டி கேட்டேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். 'முதலில் அவனுக்கு' என்றது போன். புது மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மெழுகுவத்தி வாங்கிவரச் சொன்னாள். கடையில் ஒரு பெண் நின்றிருந்தாள், என்னைவிடச் சின்னவள். பார்த்ததும் கையிலிருந்த பாக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. வேறொரு அம்மாள்தான் மெழுகுவத்தி கொடுத்தாள். கூடவே ஒரு சிவப்பு முட்டையை என் கையில் அழுத்தி "வேடி, வேடி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

உள்ளே போன பெண்ணின் முகம் படத்தில் கிரீடம் வைத்திருந்த முகம் மாதிரி இருந்தது. அவளாக இருக்காது. புதுசாகக் கல்யாணமானவள் கடையில் ஏன் நிற்கப் போகிறாள்? விரலில் மோதிரமும் இல்லை.

திரும்பியதும் வியோரிகா ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். அண்ணனுடையது. துவைத்து மடித்த சட்டைகள். ஊத்தங்கரைச் சந்தையில் அம்மா வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர். பெல்ட். பர்ஸ், அதற்குள் அம்மா படம். குலசாமி கோயிலில் மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறும் இருந்தது. முடிச்சு அப்படியே இருக்கிறது. கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சாமிக்கு மாறிவிட்டான் போல.

மழை பிடித்துக்கொண்டது. கோழிகள் வண்டிக்கடியில் ஒதுங்கின. அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கூப்பிட்டாள்.

"அவன் பேச்ச எங்கிட்ட எடுக்காத" என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு, "பாத்தியா?" என்றாள்.

"நாளைக்குத்தாம்மா. ஊரே சேர்ந்து போறாங்களாம்."

"ஏன், தனியாப் போனா வூட்ல சேக்க மாட்டாளாமா அந்த மகராசி?"

"அம்மா."

"எளைச்சிட்டானாமா? அவனுக்குக் குளிரு ஆவாதுடி. மூக்கு ஒழுவும். அந்தப் புள்ள சோறு ஆக்குமா, ரொட்டியப் போட்டே கொல்லுதா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"நீ ஊர்லருந்து கெளம்பறப்பவே ஒம் பையில அடியில ஒண்ணு வச்சிருக்கேன். இப்பப் பிரிக்காத. நாளைக்கு அவகிட்டக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத. கடையில வாங்கனன்னு சொல்லு."

பிரித்தேன். மஞ்சள் பைக்குள் அரக்கு நிறப் பட்டுப்புடவை. அம்மாவின் கல்யாணப் புடவைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பட்டு. மடிப்புக்குள் ஒரு கொம்பு மஞ்சள்.

அம்மா போனை வைக்கும் முன் குட்டியப்பன் பின்னாலிருந்து கத்தினான். "அக்கா, பெரிம்மா நேத்தே அண்ணன் போட்டோவ நேராத் திருப்பி மாட்டிடுச்சி!"

"எரும, வாய மூட்ரா."

ஏப்ரல் 28, திங்கள்

நல்ல வெயில்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் முடியும் என்று தோன்றவில்லை. எழுதி வைக்காவிட்டால் அம்மாவிடம் சொல்லும்போது ஏதாவது விட்டுப்போகும்.

காலையில் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டேன். புடவையைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தெரு முழுக்க ஜனம், எல்லோர் கையிலும் கூடை, துணி மூடிய தட்டு. பிள்ளைகள் முட்டையோடு முட்டையை இடித்து யாருடையது உடைகிறதென்று விளையாடிக்கொண்டு ஓடின. திருவிழா மாதிரித்தான் இருந்தது. மேடு ஏறினோம். தேவாலயத்தைச் சுற்றிப் பின்னால் போனோம்.

பின்னால் வீடுகள் இல்லை. சிலுவைகள் இருந்தன.

ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு சிலுவையின் பக்கத்தில் துணியை விரித்துச் சாப்பாட்டை இறக்கி வைத்தார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள். மென்மையானவர்கள் என்று அவர்கள் சொல்வது இறந்துபோனவர்களை. நான் அப்போதும் நடந்துகொண்டே இருந்தேன். இதைத் தாண்டி வீடு இருக்கும் என்று நடந்தேன். வியோரிகா முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

முதலில் மரத்தைத்தான் பார்த்தேன். படத்தில் இருந்த அதே ஊசியிலை மரம், மண்ணில் நட்டிருந்தது. ஊசிகள் காய்ந்து செம்பட்டையாகிவிட்டன. ரிப்பன்கள் வெளுத்துவிட்டன. ஒரு கைக்குட்டை மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் மரச்சிலுவை. அவன் பெயரை ஆங்கில எழுத்தில் 'வேடி' என்று மட்டும் செதுக்கியிருந்தார்கள். முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை போலிருக்கிறது.

கடைப்பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்மராந்தா என்று பெயர். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத்தான் புரிந்தது.

"உனக்குத் தெரியாதா?" என்றாள். "நீ தெரிந்துதான் வந்தாய் என்று வியோரிகா அத்தை சொன்னாளே."

நான் போனில் படத்தைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. அவளிடமே அவள் படத்தை.

"எங்கள் ஊரில் கல்யாணமாகாத பையன் செத்தால் அப்படியே புதைக்க மாட்டோம்" என்றாள். "மாப்பிள்ளை உடுப்புப் போட்டு, மரம் ஜோடித்து, கல்யாணம் செய்துதான் அனுப்புவோம். யாராவது ஒரு பெண் மணப்பெண்ணாக நிற்க வேண்டும். வழக்கமாகத் தெரிந்த பெண்கள், உறவுப் பெண்கள் நிற்பார்கள். அவனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? நான் நிற்கிறேன் என்றேன்."

எங்கள் தெருவில் கல்யாணமாகாமலே கரண்டு அடித்துச் செத்துப்போன சின்னத்தம்பிக்கு மாலை போட்டுக் கிடத்தியிருந்தபோது, வாழைக்கன்றை வெட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். மஞ்சள் கயிறு கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தூக்கினார்கள். நான் அண்ணன் இடுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவும் அங்கே ஒப்பாரியில் இருந்தாள். வாழையைக் கல்யாண வாசலில் மட்டும் கட்டுவதில்லை. எங்களுக்குத் தெரியும். படத்தைப் பார்த்த அன்றைக்கு யாருக்கும் நினைவு வரவில்லை.

அண்ணன் போன விதத்தையும் அவளே சொன்னாள். பனிச்சரிவில் அறுத்த மரத்தை டிராக்டரில் இழுத்திருக்கிறார்கள். சங்கிலி கழன்றுவிட்டது. அதை மாட்டப் போனவன்மேல் மரம் உருண்டது. அவன் போனும் அதோடு நசுங்கிவிட்டது. பாஸ்போர்ட் வைத்திருந்த கம்பெனிக்குப் போலீஸார் எழுதியிருக்கிறார்கள். பதில் வரவில்லை.

"அதனால்தான் ஃபேஸ்புக்கில் அவன் பெயரைச் சேர்த்துப் போட்டேன்" என்றாள் ஸ்மராந்தா. "அவன் வீட்டார் யாராவது பார்க்கட்டும் என்று. எத்தனையோ நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஒருவர் மட்டும் கோபமுகம் போட்டார். வேறு எதுவும் எழுதவில்லை. எனக்குப் புரியவில்லை."

குட்டியப்பன். எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துப் போட்டான்.

வியோரிகா கோதுமைத் தட்டை என்னிடம் நீட்டினாள். முதலில் அவனுக்கு என்று சொன்னது இதற்குத்தான். ஒரு பிடி எடுத்து மண்ணில் வைத்தேன். நம் ஊரில் காக்கையைக் கூப்பிடுவார்கள். நான் கூப்பிடவில்லை. இங்கே காக்கைகள் இருக்கின்றனவா என்றும் கவனிக்கவில்லை.

நேற்றிலிருந்து அம்மாவின் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். வரிசையாகக் கேட்டேன்.

"என்னாடி, போன் எடுக்க மாட்டேங்கற? அங்க விருந்து பலமா?"

"அவன் பேச மாட்டேன்னு சொல்றானா? சொல்லுவான், சொல்லுவான். அவங்கப்பன் ரோஷம்."

"நெலா, அவன்ட்ட சொல்லு. நான் தல முழுகனது கணக்குல இல்லன்னு சொல்லு. கோவத்துல ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக்கினேன். வெயிலுக்கு ஊத்திக்கினேன்னு வச்சிக்கச் சொல்லு."

"அந்தப் புள்ளயக் காட்டு. மூஞ்சிய மட்டும் காட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கடைசியில் ஒன்று, பேச்சே இல்லாமல். கோழி கூவுகிற சத்தமும் அம்மா மூச்சு விடுகிற சத்தமும் மட்டும்.

ஏப்ரல் 30, புதன்

காலையில் கூப்பிட்டேன். ஊரில் மதியம். அம்மா வீடியோவில் தெரிந்தாள். தலை படிய வாரி, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளுக்கு மேலே சுவரில் அண்ணன், நேராக.

"எங்கடி அவ? காட்டு."

"அம்மா, பக்கத்துல யாரு இருக்கா?"

"குட்டி இருக்கான். ஏன்?"

சொன்னேன். என்னென்ன வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. மரம் என்றேன், பனி என்றேன். குட்டியப்பன் "அக்கா, என்னாக்கா சொல்ற, அக்கா" என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். 

"எப்ப?" என்றாள் அம்மா.

"அந்தப் படம் வந்துச்சில்ல. அதுக்கு முந்தி."

"அப்ப அந்தப் படம்?"

"அவனத் தூக்கறப்ப எடுத்த படம்மா. கல்யாணம் ஆவாதவனுக்கு இங்க அப்படிச் செய்வாங்களாம். நம்ம சின்னத்தம்பிக்கு வாழ வச்சாங்களே, அது மாதிரி."

அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. எனக்கு ஒரு மலை ஏற வேண்டியிருந்தது.

"பெட்டி எங்கடி இருந்திச்சி?"

"படத்துக்கு வெளிய. அந்தப் பொண்ணு காலண்ட."

"நான் மண்ண வாரித் தூத்தனேனே" என்றாள். ரொம்ப மெதுவாக, ஏதோ விலை கேட்கிற மாதிரி. "அவன் அங்கதான் படுத்துக்கினு இருந்தான். நான் இங்க மண்ண வாரித் தூத்தனேன்."

"நீ தண்ணி ஊத்திக்கினது அதுக்கப்புறம்தாம்மா. எல்லாம் முடிஞ்சி போன அப்புறம். உன்னால எதுவும் இல்ல. கேக்குதா? உன்னால இல்ல."

சுவரைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தபோது வேறு குரல்.

"அந்தப் புள்ளைக்கு என்னா வயசு?"

"இருவது கூட இருக்காது."

"பூ வைக்குதா? இல்ல, வுட்டுட்டாளா?"

"இங்க அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. சும்மா நின்னாங்க. அவ்ளோதான்."

"உனுக்கு என்னாடி தெரியும், படிச்சவளே? ஊரறியக் கெரீடம் வச்சிக்கினு எம் மவன் பக்கத்துல நின்னவ. அவன் பேரு அவ தலைமேல இருக்கக் கூடாது. அவளும் ஒருத்தி பெத்த புள்ள." மூச்சு வாங்கினாள். "தல முழுகச் சொல்லு. வேடியப்பன் செத்துட்டான், தல முழுகிட்டேன்னு வாயால சொல்லி முழுகச் சொல்லு. அப்புறம் அந்தப் பொடவயக் கட்டிக்கச் சொல்லு. நல்ல எடத்துல வாழச் சொல்லு."

போன் கட்டாயிற்று.

கடைக்குப் போய்ப் புடவையைக் கொடுத்தேன். அம்மா சொன்னதையும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது. ஸ்மராந்தா சிரிக்கவில்லை. புடவையை முகத்தோடு வைத்து முகர்ந்தாள்.

"எனக்கு இது ஒரு பாரமும் இல்லை" என்றாள். "இங்கே யாரும் என்னை விதவையாக நினைக்கவில்லை. இலையுதிர் காலத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் அன்றைக்கு அந்த மரத்தைப் பிடித்தவர்களில் ஒருவன்தான்." புடவையை மடித்து வைத்தாள். "ஆனால் உன் அம்மாவிடம், நான் தலை முழுகிவிட்டேன் என்று சொல்."

பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். மிளகாய்த்தூள். இந்த ஊர்க் குழம்பு சப்பென்றிருக்கிறது என்று அண்ணன் தினமும் வந்து கேட்பானாம். அவனுக்காக நகரத்திலிருந்து வரவழைத்தாளாம். அவனைப் புதைத்த மறுவாரம் வந்து சேர்ந்ததாம். யாருக்கும் விற்கவில்லை.

மே 1, வியாழன்

கோஸ்தெல் தன் டிராக்டரில் என்னைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டார்.  இறங்கியதும் என் போனைக் கைகாட்டிக் கேட்டார். வாயருகே வைத்து ஒரே மூச்சில் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

'சங்கிலியை மாட்ட நான்தான் இறங்கப் பார்த்தேன். நீ வண்டியில் இரு, உனக்கு முழங்கால் வலி என்று அவன் இறங்கினான்.'

பதில் தட்ட ஆரம்பித்தேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். நிமிர்ந்தபோது அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பாஸ்போர்ட் இல்லாமல் அவனை மண்ணிலிருந்து எடுத்து ஊருக்குக் கொண்டுபோவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. கொண்டுபோக வேண்டுமா என்று எனக்கும் தெரியவில்லை. காய்ந்த மரத்திலிருந்து ஒரு ரிப்பனை மட்டும் அவிழ்த்து வைத்திருக்கிறேன். துணிப்பை மடியில் இருக்கிறது. ஸ்வெட்டரில் அவன் வாசனை இல்லை. சோப்பு வாசனைதான்.

நேற்றே அம்மாவுக்குப் பேசி அனுப்பினேன். 'அவ தல முழுகிட்டாம்மா.' கேட்டிருக்கிறாள்.

இப்போது குட்டியப்பன் பேசி அனுப்பியிருக்கிறான்.

"அக்கா, பெரிம்மா காலையில கொடத்த எடுத்துக்கினு கொழாயடிக்குப் போச்சி. ஊத்திக்கினே இருக்குது. தெருவே நின்னு கூப்புடுது, எழும்ப மாட்டேங்குது. தண்ணி நின்னு ரொம்ப நேரம் ஆச்சிக்கா. வெறுங் கொடத்தத் தலைமேல கவுத்துக்கினே இருக்குது. நீ பேசுக்கா. நீ சொன்னா கேக்கும்."

பேருந்து வந்துவிட்டது.